ஓரக்குறிகள்: வே. பலராமன்

அந்தக் கவரைக் கொஞ்சம் நிமித்தி வச்சுக்கிட்டீங்கன்னா நானும் உக்காந்துக்குவேன் தம்பி. போதும் போதும். என்ன அது, ஓவியமா? எக்ஸ்ரேயா. சரி சரி. பெருசா தட்டையா இருக்கவும் அந்த ஓவியக் கும்பலோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன். இப்பல்லாம் பெரிய கவரோட யாரைப் பாத்தாலும் என்னன்னு கேட்டுடறேன். அம்மாவுக்கா? ஒண்ணும் இருக்காது. பாண்டியில பெரிய பெரிய டாக்டருங்க இருக்காங்க.

நான் பதினொரு மணிக்குள்ள போய்ச் சேரணும். பதினொண்ணுக்கு என் கவிதையை ரத்து பண்றாங்க.

நிஜமாத்தான் சொல்றேன். செப்புத் தகட்டுல இருக்கு என் கவிதை. அதுக்குக் குறுக்கால ஊசியால ஒரு கீறல் போட்டா முடிஞ்சுது, அப்புறம் அந்தத் தகட்டுலேர்ந்து ஒரு படி எடுக்க முடியாது. கீறப் போறது யாருன்னு கேளுங்க. என் சம்சாரம். எட்டு மணி பஸ்ஸுக்கே கிளம்பிப் போயிட்டா. ரெண்டு இட்லியைத் தட்டுல மூடி வச்சுட்டு, "நீங்க மெதுவா வாங்க"ன்னு சொல்லிட்டுப் போறா. மெதுவா வரணுமாம் நான்.

என் பேரு வே. பலராமன். பத்திர ஆபீஸ்ல முப்பத்திரெண்டு வருஷம். நாலு ஊரு பாத்து, சார்பதிவாளராத்தான் ரிட்டயர் ஆனேன். அது சோத்துக்கு. உயிருன்னு பாத்தா கவிதைதான். கெடிலக்கவின்னு போட்டுக்குவேன். கேள்விப்பட்டதில்லையா? கெடிலம் ஆத்தையாவது கேள்விப்பட்டிருப்பீங்க. கடலூர்க்காரர்தானே நீங்க.

நான் கவிதை எழுத மாட்டேன், சொல்லுவேன். ஆபீஸ்லயும் நான் எழுதினவன் இல்ல. எழுதறதுக்கு ஆள் இருந்தாங்க, நான் ஒப்பம் போடறவன். அதே பழக்கம் வீட்டுலயும் வந்துடுச்சு. சாயந்தரம் காபி குடிச்சதும் கூடத்துல இப்படியும் அப்படியும் நடப்பேன், வாயில வர்றதைச் சொல்லிக்கிட்டே போவேன். செங்கமலம் சாப்பாட்டு மேஜையில நோட்டை வச்சுக்கிட்டு எழுதுவா. செங்கமலம்தான் என் சம்சாரம். பத்தாவதோட நிறுத்திட்டாங்க, ஆனா கையெழுத்து மணிமணியா இருக்கும். அதுக்காகத்தான் அவளை உக்கார வச்சது.

ஒரே ஒரு குறை. அடிப்பா. என்னை இல்ல தம்பி, வரியை. நான் சொல்றதை ஒண்ணு விடாம எழுதுவா. எழுதி முடிச்சுட்டு, அடுப்படிக்குப் போறதுக்கு முன்னாடி, சர்சர்னு பத்துப் பதினஞ்சு இடத்துல அடிச்சுட்டுப் போவா. ஏன்டின்னா, "ஒரே சொல்லு ரெண்டு தடவை வந்துதுங்க"ம்பா. இல்லேன்னா, "கை வலிக்குதுங்க, நாளைக்கு நல்ல பிரதி எழுதணுமில்ல"ம்பா. பொம்பளைக்கு ஆயிரம் வேலை. நான் அதைப் பெருசு பண்றதில்ல. ஆனா ஒரு விஷயத்துல விட மாட்டேன். அடிச்ச இடத்துக்குப் பக்கத்துல ஓரத்துல என் சுருக்கொப்பம் இருந்தாகணும். பத்திரத்துல ஒரு எழுத்தை அடிச்சாக்கூட ஒப்பம் வேணும், இல்லேன்னா நாளைக்குக் கோர்ட்டுல நிக்காது. அதனால அவ அடிக்க அடிக்க நான் ஓரத்துல போட்டுக்கிட்டே வருவேன். ஒரு சுழி, ஒரு வால். அவ்வளவுதான் என் ஒப்பம்.

படிச்சுப் பாக்கறதா? ஆபீஸ்ல படிச்சுப் பாத்தா போட்டேன்? முகூர்த்த நாள்ல எண்பது பத்திரம் வந்து நிக்கும், ஒவ்வொண்ணா படிச்சா பொழுது விடிஞ்சுடும். என்ன எழுதியிருக்குங்கிறது எழுதினவன் பொறுப்பு. ஒப்பம் போடறவனுக்கு இடம் தெரிஞ்சாப் போதும்.

அப்படி வந்ததுதான் 'நின்ற மழை'. என் மூணாவது தொகுப்புல இருக்கு. நான் சொன்னது இருபத்திரெண்டு வரி. 'மழையே மழையே மாமழையே'ன்னு எடுப்பேன். அந்த எடுப்பே எப்படி இருக்கு பாருங்க. புத்தகத்துல வந்தது நாலு வரி.

மழை நின்றது.
கொடியில்
யாரோ மறந்த சட்டை
இன்னும் பெய்கிறது.

இவ்வளவுதான். பக்கம் காலியா இருக்கேன்னு அச்சாபீஸ்காரர் அடியில ஒரு மயிலைப் போட்டார். ஆனா அந்த நாலு வரிக்குத்தான் கடுதாசி வந்துது. சங்கரன்கோவில்லேர்ந்து ஒருத்தர், படிச்சுட்டு அழுதேன்னு எழுதியிருந்தார். எதுக்கு அழுதார்னு எனக்கு விளங்கல. அழுதவரைக்கும் நல்லது. சட்டைன்னு நான் எந்த இடத்துல சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. சொல்லியிருப்பேன். சொல்லாம எப்படி வரும்?

கன்னியக்கோயில்தானே இது? ஊருக்கு ஊரு நிறுத்தினா எப்பப் போய்ச் சேர்றது.

போன தை மாசம், பாண்டியிலேர்ந்து ரெஜினான்னு ஒரு அம்மா வீடு தேடி வந்தாங்க. நாப்பது நாப்பத்தஞ்சு வயசு, நகக்கண்ணெல்லாம் கறுப்பு மை. அச்சு ஓவியம் பண்றவங்களாம். செப்புத் தகட்டுல மெழுகு பூசி, ஊசியால கோடு இழுத்து, அமிலத்துல போட்டா கோடு மட்டும் பள்ளமா அரிச்சுடும். அதுல மையைத் தேச்சு, ஈரத்தாளை மேல வச்சு, உருளையில விட்டு அமுக்கி எடுக்கிறது. கவிதையையும் கையெழுத்தையும் வச்சுத்தான் படம் போடுவாங்களாம். பாத்தா ஒண்ணும் புரியாத படம். 'நின்ற மழை'யைப் படிச்சாங்களாம், கையெழுத்துப் பிரதி இருக்கா சார்னு கேட்டாங்க. எனக்குத் தலைகால் புரியல. செங்கமலம், அந்த நோட்டை எடுத்துட்டு வான்னேன். வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டேன்.

அந்தப் பக்கத்தைப் பாத்தாங்க தம்பி, பாத்தாங்க, பாத்துக்கிட்டே இருந்தாங்க. காபி ஆறி ஆடை கட்டிடுச்சு. நான் இருபத்திரெண்டு வரியும் எப்படி உதிச்சுதுன்னு விலாவாரியா சொல்லிக்கிட்டிருக்கேன், காதுலயே போட்டுக்கல. கடைசியில நிமிந்து, "சார், இந்தக் கோடு யார் போட்டது?"ன்னாங்க.

"எந்தக் கோடும்மா? அது அடித்தல்."

"ஆமா சார். அதைத்தான் கேக்கறேன்."

செங்கமலம் அடுப்படி வாசப்படியில நின்னா. "நாந்தாம்மா"ன்னா, சக்கரை டப்பாவுல கைவிட்டு மாட்டிக்கிட்டவ மாதிரி. அந்த அம்மா அவளைப் பக்கத்துல கூப்பிட்டு உக்கார வச்சுக்கிட்டு விரலை வச்சு வச்சுக் கேக்கறாங்க. இங்க நேரா இழுத்திருக்கீங்க, இங்க அலை அலையா போகுது, இந்த ஒரு வரியில மட்டும் ஏன் பதினாலு சுத்து சுத்தியிருக்கீங்க? செங்கமலம் என்னை ஒரு தடவை பாத்தா. அப்புறம் மெதுவா, "அந்த வரி கொஞ்சம் அழுத்தமா இருந்துதும்மா, லேசுல போகல"ன்னா. 'உழவர் குலத்தின் உயிர்த்துளியே'ங்கிற வரி அது. அழுத்தமான வரிதான். அதை மட்டும் ஒத்துக்கிட்டா.

ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டாங்க. எதுக்குன்னு கேக்கல நான்.

அந்த நோட்டுப் பக்கத்தையே மெழுகு மேல வச்சு, எழுத்து மேலயும் கோடு மேலயும் ஊசியால அழுத்தி இழுத்து, அப்படியே தகட்டுல இறக்கிப் பதினஞ்சு படி எடுத்தாங்க. ஒண்ணு கீழ் பதினஞ்சு, ரெண்டு கீழ் பதினஞ்சுன்னு ஒவ்வொண்ணுலயும் எண் போட்டாங்க. அது எனக்குப் பிடிச்சுது, ஆவணம்னா எண் இருக்கணும். ஆனா பென்சில்ல போட்டாங்க தம்பி. கையெழுத்தும் பென்சில். ரப்பர் வச்சு அழிச்சா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். அதுதான் வழக்கம்னாங்க. என்ன வழக்கமோ.

படத்தைப் பாத்தேன். கறுகறுன்னு கோடு. பெருசா, நீளமா, வளைஞ்சு, சுருண்டு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி. எல்லாம் இவ அடிச்ச அடித்தல். என் வரி எங்கம்மான்னேன். அடியில இருக்கு சார்னாங்க. இருக்குதான், ஆனா இடவலம் மாறிக் கிடக்கு. தகட்டுல நேரா இருக்கிறது தாள்ல மாறித்தான் விழுமாம். முன்னாடியே மாத்தி எழுதக் கூடாதான்னா, படிக்க முடிஞ்சுட்டா யாரும் கோட்டைப் பாக்க மாட்டாங்கன்னாங்க. படிக்கக் கூடாதுன்னே ஒரு கவிதையை அச்சடிக்கிறவங்களை நான் இப்பத்தான் பாக்கறேன்.

சரி, பெரிய இடத்துல வைக்கப் போறாங்க, பேருன்னு ஒண்ணு வருமில்லன்னு இருந்தேன். பாண்டியில கடற்கரைப் பக்கம் ஒரு ஓவியக் கூடம். திறப்பு அன்னைக்குப் பட்டு வேட்டி கட்டிக்கிட்டுப் போறேன். படத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒரு அட்டை. அதுல என்ன போட்டிருந்துதுன்னு அப்படியே சொல்றேன், கேளுங்க. 'தலைப்பு: நின்ற மழை. அச்சு: ரெஜினா. மூலக் கோடுகள்: செங்கமலம். ஓரக்குறிகள்: வே. பலராமன்.'

ஓரக்குறிகள்.

மூணு தொகுப்பு போட்டவன் நான். என் ஒப்பத்தைப் பாத்துட்டு ஓரக்குறின்னு போட்டுட்டாங்க. ஒரு விமர்சகர் வந்தார், தோள்ல ஜோல்னாப்பை. என் சுழியையும் வாலையும் காட்டி, இந்தக் கோடுகளோட ஆவேசத்துக்குப் பக்கத்துல இந்தச் சின்னக் குறிகள் எவ்வளவு பணிவா தலையசைக்குது பாருங்கன்னு பேசறார். பணிவாம். முப்பத்திரெண்டு வருஷம் ஊரே எந்திரிச்சு நின்ன ஒப்பம் அது.

நேரா ரெஜினாகிட்டப் போனேன். என்னம்மா அநியாயம், என் கவிதையை அடிச்சதைக் கொண்டாடறீங்களேன்னேன். அந்த அம்மா கோவமே படல. "நீங்களே ஒவ்வொண்ணுக்கும் ஒப்பம் போட்டிருக்கீங்களே சார்"னாங்க. சட்டப்படி சரி. அடித்தலுக்குப் பக்கத்துல ஒப்பம் போட்டா சம்மதம்னு அர்த்தம். அதை எத்தனை பேருக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன்.

விடுவேனா? மறுநாள் போகும்போது வீட்டுலேர்ந்து முகம் பாக்கிற கண்ணாடியைப் பையில போட்டுக்கிட்டேன். படத்துக்கு எதிர கண்ணாடியைப் பிடிச்சா எழுத்து நேராயிடும் பாருங்க. கூட்டத்துக்கு நடுவுல நின்னு கண்ணாடியைப் பாத்துப் படிச்சேன். கோட்டுக்கு நடுவுல தெரிஞ்சதைப் பொறுக்கிப் பொறுக்கி, 'மாமழையே', 'வெள்ளிச் சலங்கையே', 'உயிர்த்துளியே'ன்னு குரலை ஏத்தி. ஒரு பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டு வெளிய போயிடுச்சு, உணர்ச்சி தாங்கல போல. அப்புறம் அந்த அடிபடாத நாலு வரி வந்துது. அதையும் படிச்சேன். கூடம் கப்சிப்னு ஆயிடுச்சு தம்பி. ஒருத்தர் மூக்கை உறிஞ்சறார். முன்னாடி நான் ஏத்தின சூட்டுலதான் அந்த நாலு வரி அப்படி எடுபட்டுது, அது ஜனங்களுக்குத் தெரியாது. கண்ணாடியில பின்னாடி செங்கமலம் முகம் தெரிஞ்சுது. எல்லாரும் என்னைப் பாக்கறாங்க, அவ கீழ தரையைப் பாத்துக்கிட்டு உதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னா. கண்ணு ரெண்டும் நிறைஞ்சிருந்துது. புருஷன் பெருமை, என்ன இருந்தாலும்.

அதுக்கப்புறம்தான் வினை. ரெஜினா அவளை வாராவாரம் செவ்வாக்கிழமை பட்டறைக்குக் கூப்பிட்டாங்க. வெறும் தகட்டைக் கையில குடுத்து, நீங்களா கோடு போடுங்கன்னாங்களாம். அறுபத்தொரு வயசுல நகத்துல மையோட வீட்டுக்கு வர்றா. செவ்வாய் போதாதுன்னு வெள்ளியும் ஆச்சு. சாயந்தரம் நான் காபி குடிச்சுட்டு நடக்கறேன், மேஜை காலியா கிடக்கு. இருந்தாலும் வாயில வர்றதைச் சொல்லிப் பாத்தேன். யாருகிட்டச் சொல்றது? நாற்காலிகிட்டயா? ரெண்டு மாசமா ஒரு வரி இல்ல. கஷ்டமாத்தான் இருக்கு தம்பி, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. எனக்கே எழுதத் தெரியாதா என்ன, பேனாவும் எடுத்தேன். அவ இல்லாம உக்காந்தா ஒண்ணும் ஓடல. வெளிச்சம் சரியில்ல அந்த மேஜையில.

தவளக்குப்பமா? பரவாயில்ல, வேகமாத்தான் போறார்.

இதுல ஒரு நாள் ரெஜினா வாய் தவறி ஒரு விஷயத்தை விட்டாங்க. செம்பு இருக்கே, அதுல விழுந்த கோட்டை வழவழன்னு தேச்சு எடுத்துட முடியுமாம். தப்பா விழுந்த கோட்டை அப்படித்தான் எடுப்பாங்களாம். எனக்குப் பளிச்சுன்னு பட்டுது. இவ போட்ட அடித்தல் அத்தனையையும் தேச்சு எடுத்துட்டா, அடியில என் இருபத்திரெண்டு வரியும் சுத்தமா நிக்கும். அதை மறுபடி அச்சடிச்சு, கெடிலக்கவின்னு கொட்டை எழுத்துல போட்டு, அதே சுவத்துல மாட்டணும். அப்பத் தெரியும் எது கவிதை, எது ஓரம்னு. கேட்டேன். ரெஜினா முகம் சுண்டிப் போச்சு. பதினஞ்சு படியும் எடுத்தாச்சு சார், வர்ற வியாழக்கிழமை தகட்டை ரத்து பண்ணிடுவோம்னாங்க. இதுக்கு மேல யாரும் படி எடுக்கக் கூடாதுன்னு குறுக்கால ஒரு கீறல் போடறது அவங்க வழக்கமாம். செங்கமலம் கை மாதிரி உறுதியா கோடு இழுக்கிற கை இல்ல, அவங்களே போடட்டும்னுட்டாங்க.

வியாழக்கிழமை இன்னைக்குத்தான்.

ரத்துன்னா என்னன்னு எனக்குச் சொல்லித் தர்றாங்க. எத்தனை ரத்துப் பத்திரம் பதிஞ்சவன் நான். ரெண்டு தரப்பும் வந்து நின்னு ஒப்பம் போடாம ரத்து செல்லாது. அதைத்தான் போய்ச் சொல்லப் போறேன். ஆட்சேபணை மனுவே எழுதிட்டேன். அதாவது, எழுதணும். மனசுல இருக்கு.

தம்பிகிட்டப் பேனா இருக்கா? அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு பின்பக்கம் வெள்ளையா இருக்கே. மனு கிடக்கட்டும், அது பத்து நிமிஷ வேலை. முதல்ல அந்த இருபத்திரெண்டு வரியை எழுதி வச்சுக்குவோம். தகட்டைக் கீறிட்டாக்கூட நம்ம கையில மூலம் இருக்கும் பாருங்க. நோட்டுப் பக்கம் மெழுகுல ஒட்டிக்கிட்டு நார்நாரா போயிடுச்சு, இப்ப என் தலைக்குள்ளதான் இருக்கு. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க.

'மழையே மழையே மாமழையே.' எழுதிட்டீங்களா?

அடுத்து.

இருங்க. 'மழையே மழையே மாமழையே'... அடுத்தது வெள்ளிச் சலங்கையா? இல்ல, அது நாலாவது. 'வானத்து'ன்னு ஒரு வரி வரும். நீங்க ஏன் என் முகத்தையே பாத்துக்கிட்டிருக்கீங்க? சும்மா எழுதுங்க. எதை எழுதறதா? அவ இப்படியெல்லாம் கேக்க மாட்டா. நான் நிறுத்தினா அவ பேனா நிக்காது, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும். நான் ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வர்றதுக்குள்ள ரெண்டு வரி ஏறியிருக்கும். எழுதறவங்கன்னா அப்படி இருக்கணும்.

ஒரு நிமிஷம், போன் அடிக்குது. அவதான்.

சொல்லு செங்கமலம். பஸ்ஸுலதான். தவளக்குப்பம் தாண்டிட்டேன். ஏய், நல்ல வேளை கூப்பிட்டே. மாமழையேக்கு அப்புறம் ரெண்டாவது வரி என்ன? ... என்னது? ... சரி விடு. என்ன விஷயம் சொல்லு. ... போட்டாச்சா? மணி பதினொண்ணு ஆகலியே. ... ம். ... ம். ... அப்படியா சொன்னாங்க? ரெஜினாவே சொன்னாங்களா? ... தனியாவா? எண்ணே கிடையாதா? ... ம். ... இட்லி சாப்பிட்டேன், சட்னிதான் கொஞ்சம் உப்பு. ... வர்றேன், வர்றேன். நான் வர்ற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லு.

என்ன ஆச்சா? கோடு போட்டுட்டா தம்பி. ஒரே இழுப்பு, இந்த மூலையிலேர்ந்து அந்த மூலைக்கு. ரெண்டாவது வரி ஞாபகமில்லையாம். "அடிச்சதை நான் ஞாபகம் வச்சுக்கறதில்லைங்க"ங்கறா. முப்பது வருஷமா எழுதினவ சொல்ற பேச்சா அது?

ஆனா இதைக் கேளுங்க. கீறின தகட்டுலேர்ந்து கடைசியா ஒரே ஒரு படி எடுப்பாங்களாம், ரத்தானதுக்குச் சாட்சியா. பதினஞ்சுல சேராது, அதுக்கு எண்ணே கிடையாது. மையைத் தேச்சு, தாளை நனைச்சு, எல்லாம் தயாரா வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. உருளையைச் சுத்த முடியல. ஏன்னு கேளுங்க. அடித்தலுக்குப் பக்கத்துல என் ஒப்பம் இல்ல. செங்கமலம் சொல்லியிருக்கா, "அவர் ஒப்பம் இல்லாம அடித்தல் செல்லாது, அவர் வரட்டும்"னு. ரெஜினாவும், ஆமா, சார் இல்லாம ஆகாதுன்னுட்டாங்களாம். எனக்காக நிக்குது தம்பி அவ்வளவு பெரிய மிஷின். முப்பது வருஷமா நான் சொன்னது வீண் போகல. விஷயம் தெரிஞ்சவதான் அவ.

ஆட்சேபணையா? அதான் போட்டுட்டாளே, இனிமே என்ன ஆட்சேபணை. போட்ட அடித்தல் ஒப்பமில்லாம அந்தரத்துல நிக்குது. அதை முதல்ல முறைப்படுத்தணும். நாளைக்கு ஒரு கேள்வி வந்தா யாரு பதில் சொல்றது?

அரியாங்குப்பம் பாலம் வந்துடுச்சா. தம்பி, அந்தப் பேனாவை இப்படிக் குடுங்க. சீட்டு வேணாம், சின்னதா இருக்கு. அந்த எக்ஸ்ரே கவரைக் கொஞ்சம் திருப்புங்க. இந்தத் தடவையாவது ஒப்பம் நேரா விழணும், அதுக்குத் தகட்டுல இடவலம் மாத்திப் போடணும். ஒரு பத்துத் தடவை போட்டுப் பழகிக்கறேன். பஸ்ஸு ஆடுது, இருங்க. முதல்ல வாலு, அப்புறம் சுழி. இல்ல, இப்படி. இது பரவாயில்ல. பாருங்க தம்பி. அட, என்ன எழுதியிருக்குன்னு ஏன் பாக்கறீங்க, அது எதுக்கு உங்களுக்கு? கோடு எப்படி இருக்கு? அதைச் சொல்லுங்க.